மரத்தின் பின்பக்கம்

குட்டியின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்றால் கேட்கவா போகிறாய்!

எனக்கு இப்போது காட்டுக்குள் வேலை. ஆற்றங்கரை ஊர்கள் இரண்டுக்கு நடுவே மரங்களுக்குள் ஒரு நடைபாதை போகிறது. நடப்பவர்கள் வழி தவறாமலிருக்க மரங்களில் மஞ்சள் அம்புக்குறி வரைகிறேன். செவ்வாய்க்கிழமை இந்த ஊரில் தொடங்கி அந்த ஊர்வரை ஒரே மூச்சில் முடித்தேன். திரும்பும்போதுதான் கூத்து. அம்பெல்லாம் மரத்தின் அந்தப் பக்கம் இருக்க, என் கண்ணில் பட்டது வெறும் மரப்பட்டை. வழி போட்டவனே இரண்டு மணி நேரம் சுற்றினேன். பயப்படாதே, ஆற்றுச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு இருட்டுமுன் வந்துவிட்டேன்.

மேஸ்திரி விழுந்து விழுந்து சிரித்தார். "போறவனுக்கு மட்டும்தான் வழியா? வர்றவன் என்னய்யா பண்ணுவான்?"

நானும் சிரித்தேன். அறைக்கு வந்தபின் சிரிப்பு வரவில்லை. நம் வீட்டிலிருந்து கிளம்பியபோதும் போகும் வழியை மட்டும்தானே விசாரித்தேன்?

இப்போது பின்பக்கமும் வரைகிறேன். இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சம்மதமா என்று கையெழுத்துக் கேட்டு ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். பத்து நாளாக மேசைமேல் கிடக்கிறது.

பிரஷ் துடைக்க உன் பழைய நைட்டி ஒன்று அனுப்பு. அங்கே துணியே கிடைக்காதா என்று கேட்காதே. பஸ் வந்துவிட்டது, குட்டியைக் கேட்டதாகச் சொல்.

குட்டியின் அப்பா

நைட்டியைத் துவைக்க வேண்டாம்.