எவர்சில்வர் டப்பாவில் உன் ஆயில் ஃபில்டர்

அன்பு முத்தையா, என் ஒரே மச்சானே,

முதலில் ஒரு அசிங்கத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன திங்கட்கிழமை மதியம், நம் தன்லியினிலிருந்து ஆற்றுப் பாலம் தாண்டி நகரத்துக்குப் போகிற பஸ்ஸில், சிவப்புத் துணி சுற்றிய எவர்சில்வர் டப்பா ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தேன். நம் ஆட்கள் சாம்பலை ஆற்றில் கரைப்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒரு பர்மியப் பெண்மணி டப்பாவையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "யாருங்க?" என்று மெதுவாகக் கேட்டார். "மச்சான்" என்றேன். உடனே எழுந்து இடம் கொடுத்தார், டப்பாவைப் பார்த்துக் கும்பிடவும் செய்தார்.

உள்ளே இருந்தது நீ இல்லை, உன் வேனின் பழைய ஆயில் ஃபில்டர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். முழங்கால் வலி.

நீ சிரிப்பாய். சிரித்து முடித்துவிட்டுக் கேள். சிரிக்கிற மாதிரியான வாரம் இல்லை இது.

நீ போய் ஒரு வருஷமும் ஒரு மாதமும் ஆகிறது. உன் அக்கா சரோஜாவுக்கு இப்போதும் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ்தான். நீ இருந்தபோது நீ ஓட்டுவாய், நான் பின்சீட்டில் உட்கார்ந்து குறை சொல்வேன். இப்போது நான் ஓட்டுகிறேன், அவள் குறை சொல்கிறாள். ஐம்பத்து மூன்று வயதில் ஸ்டியரிங் பிடித்தவன் எப்படி ஓட்டுவானோ அப்படி ஓட்டுகிறேன். சைக்கிள்காரர்கள் என்னை முந்திப் போகும்போது திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.

காலை ஆறரைக்கு அவள் நகரத்து ஆஸ்பத்திரியில் அந்த டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அரைமணி தாமதமானால் நாற்காலி அடுத்த ஆளுக்குப் போய்விடும். மழைக்காலத்தில் ஒருமுறை அப்படித் தவறிப்போனது. மறுநாள் அவளால் படுக்கவே முடியவில்லை, இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினாள். நுரையீரலில் தண்ணீர் என்றார் டாக்டர். இன்னொரு தடவை தவறவிடாதீர்கள் என்று என்னைப் பார்த்துச் சொன்னார், அவளைப் பார்த்து இல்லை. அந்த நேரத்துக்குப் பாலத்துக்கு இந்தப் பக்கம் டாக்சி எதுவும் வருவதில்லை. உன் வேனை விட்டால் எங்களுக்கு வேறு கதி இல்லை.

திங்கட்கிழமை காலையில் வேனின் டேஷ்போர்டில் ஆயில் விளக்கு மினுக்கியது. தெருமுனை மெக்கானிக் கோ ஸாவிடம் கொண்டுபோனேன். அவனுக்குத் தமிழ் தெரியாது. உன்னை 'கோ முத்தையா' என்பானே, அண்ணன் என்கிற மாதிரி; என்னை 'ஊலே' என்பான், மாமா என்கிற மாதிரி. அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தான்.

"எண்ணெய் தார் மாதிரி ஆயிடுச்சு ஊலே. ஃபில்டரும் அடைச்சுப் போச்சு. எண்ணெய் என்கிட்ட இருக்கு, ஃபில்டர் மட்டும் டவுன்ல வாங்கிட்டு வாங்க. இதே மாதிரி இருக்கணும், வேற வேண்டாம்."

கழற்றி என் கையில் வைத்தான். அந்த நேரம் பார்த்து உன் அக்கா வந்தாள். ஃபில்டரின் பக்கவாட்டில் எண்ணெய்ப் பிசுக்கோடு காய்ந்துபோன சிவப்பு. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது தம்பி வச்ச பொட்டுங்க."

ஆயுத பூஜைக்கு நீ ஸ்டியரிங், நாலு டயர், எஞ்சின் என்று ஒன்றையும் விடாமல் குங்குமம் அப்புகிற ஆள்தானே. எனக்கும் சந்தேகம் வரவில்லை. "அவன் கை கடைசியா பட்டது இதுதான்" என்றாள். முறுக்கு டப்பாவைக் காலி செய்து ஃபில்டரை உள்ளே உட்கார வைத்து, சாமி அலமாரியில் இருந்த சிவப்புத் துணியை எடுத்துச் சுற்றினாள். "கடைக்காரர்கிட்ட காட்டுங்க. பொட்டு மேல மட்டும் கை வைக்க விடாதீங்க." கோ ஸா ஒன்றும் புரியாமல், ஆனால் மரியாதையாக, பார்த்துக்கொண்டிருந்தான்.

நகரத்தில், லான்மடாவில் ஒரு சந்துக்குள் காதர் பாய் என்பவரின் உதிரிபாகக் கடை. தமிழில் பேசுவார் என்பதால் அங்கே போனேன்.

"என்ன அண்ணே, எனக்குச் சோறா?"

"ஃபில்டர், பாய்."

"ஃபில்டருக்கு எதுக்கு முக்காடு?" துணியைப் பிரித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்பர் இந்தச் செவப்புக்குக் கீழதான் இருக்கு. கொஞ்சம் சொரண்டிக்கிறேன்."

"வேணாம் பாய். அது பொட்டு."

"ஃபில்டருக்கா?"

"மச்சான் வச்சது. இப்ப இல்லை அவன்."

கையை எடுத்துக்கொண்டார். "சரி, வண்டி புக்கு இருக்கா?" கொடுத்தேன். படித்துவிட்டு மூக்கைச் சொறிந்தார். "புக்குல இருக்கிற எஞ்சின்தான் உள்ள இருக்கா? இந்த ஊர்ல பாதி வண்டிக்கு எஞ்சின் மாத்தியிருப்பாங்க அண்ணே. புக்கு ஒண்ணு சொல்லும், உள்ள ஓடுறது வேற ஒண்ணு."

மாற்றினாயா முத்தையா? பாகோவில் நண்பன் கல்யாணம் என்று ஒரு வாரம் வண்டியோடு போனாயே, அப்போதா? கேட்டால் சொல்லியிருப்பாய். நான்தான் உன்னிடம் வண்டியைப் பற்றி ஒன்றுமே கேட்டதில்லை.

பாய் இரண்டு ஃபில்டர்களை எடுத்து, வாய் மேலே தெரிய, உன்னுடையதற்கு இரண்டு பக்கமும் வைத்தார். "பெட்டி பளபளப்பைப் பாத்து வாங்காதீங்க, டூப்ளிகேட்டுக்குத்தான் பெட்டி நல்லா இருக்கும். ரப்பர் வளையத்தைப் பாருங்க, அழுத்தினா திரும்பி வரணும். உள்ள ஒரு ரப்பர் தடுப்பு இருக்கு பாருங்க, அது இல்லைன்னா வண்டி நிக்கும்போது எண்ணெய் வடிஞ்சிரும். ரெண்டும் நல்ல சரக்குதான். இது புக்குப்படி. இது இன்னொரு எஞ்சினுக்கு. மரையில மயிரளவு வித்தியாசம், கண்ணுக்குத் தெரியாது. நம்பரைப் பாத்துட்டா ஒரு நிமிஷம்."

உன் அக்காவுக்குப் போன் போட்டேன். எங்கள் பக்கம் கரண்ட் போயிருக்கும், லைன் கிடைக்கவில்லை. மறுபடி போட்டேன். பாய் கையில் ஒரு சின்னக் கத்தி, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷ வேலை. ஆனால் சுரண்டிய ஃபில்டரோடு வீட்டுக்குப் போய் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"புக்குப்படியே குடுங்க பாய்."

"விலைக்குப் பாத்து வாங்குறவங்களைப் பாத்திருக்கேன், எஞ்சினுக்குப் பாத்து வாங்குறவங்களைப் பாத்திருக்கேன்" என்றார் பெட்டியை நீட்டியபடி. "பொட்டுக்குப் பாத்து வாங்குறவரை இன்னிக்குத்தான் பாக்குறேன்."

சாயங்காலம் கோ ஸா பழையதைக் கேட்டான், பக்கத்தில் வைத்து ஒப்பிட. சாமி அலமாரியில் உன் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்றேன். புதியதைத் திருகினான். "கொஞ்சம் சீக்கிரமே இறுகுதே" என்றான். எண்ணெய் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, அடியில் பேப்பர் விரித்து ஐந்து நிமிஷம் பார்த்தோம். ஒரு சொட்டு விழவில்லை. நானே கண்டுபிடித்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

செவ்வாய்க்கிழமை காலை, பாலத்தில் பாதி தூரம் வந்திருப்போம்.

"ஏங்க, எண்ணெய் வாசனை வருது."

"யாரோ மீன் வறுக்குறாங்க."

"பாலத்து மேலயா?"

அப்போது விளக்கு எரிந்தது. மினுக்கல் இல்லை. மூக்கு வைத்த கிண்டிச் செம்பு மாதிரி ஒரு சின்னப் படம், செக்கச் செவேலென்று, அசையாமல். எண்ணெய் இல்லாமல் எஞ்சின் எத்தனை நிமிஷம் தாங்கும்? தொடர்ந்து ஓட்டினால் இன்றைக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேரலாம், சேராமலும் போகலாம். எஞ்சின் இறுகிப் பிடித்துக்கொண்டால் வெள்ளிக்கிழமைக்கு வண்டி இல்லை, அதற்கடுத்த செவ்வாய்க்கும் இல்லை. நிறுத்தினால் இன்றைக்கே அவளை நடுப்பாலத்தில் விட்ட மாதிரி. நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? நான் உன்னைத்தான் கேட்டேன், வாய்விட்டே கேட்டேன் என்று நினைக்கிறேன். பின்னால் இருந்தவள், "அவன் நிறுத்தியிருப்பான்" என்றாள்.

சாவியைத் திருப்பினேன். இறங்கிப் பார்த்தால், நாங்கள் வந்த வழி நெடுக ஒரு கறுப்புக் கோடு. பாலத்துக் காவலர் விசில் ஊதிக்கொண்டே ஓடி வந்தார். உன் அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீங்கின கால் செருப்புக்குள் முழுசாய் நுழையவில்லை.

"பொட்டை அழிக்க வேணாம்னு குத்துமதிப்பா வாங்கிட்டேன் சரோ."

அவள் வருகிற வண்டிகளைப் பார்த்துக் கையைக் காட்டினாள்.

ஒரு மீன் வண்டி நின்றது. வெற்றிலை வாயோடு டிரைவர் எட்டிப் பார்த்தார். "அக்கா முன்னால ஏறட்டும். நீங்க வேணும்னா மீனோட வாங்க." ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து போனேன். ஒவ்வொரு சிக்னலிலும் முன்சீட்டுக்குப் பின்னால் இருக்கிற கண்ணாடி வழியாக அவள் தோள் ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறு ஐம்பத்தைந்துக்கு வாசலில் இறங்கினோம். அடுத்த ஆள் சட்டைக் கையை மடித்துவிட்டு நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். நர்ஸ் எங்களைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மூக்கைப் பொத்திக்கொண்டு, "உக்காருங்க" என்றார்.

ஊசி ஏறிய பிறகு அவள் என்னைக் கூப்பிட்டாள். "பையில டப்பா இருக்கு, எடுங்க." காலையில் அலமாரியிலிருந்து எடுத்து வந்திருக்கிறாள். எப்போதும் நீதானே கூட வருவாய், வரட்டும் என்று. கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவச் சொன்னாள். ஒரு கை மெஷினில், மடியில் ஃபில்டர், இன்னொரு கையால் சுரண்ட ஆரம்பித்தாள்.

"நான் வேணா செய்யறேன்."

"புடிச்சுக்கிட்டா போதும்." தலை நிமிராமல் சொன்னாள். "என் மூச்சு நிக்கட்டும்னா அவன் பொட்டு வச்சான்?"

சிவப்பு செதில் செதிலாய் உதிர்ந்தது. ஒரு செதிலை எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொண்டாள். மிச்சத்தைக் காகிதத்தில் மடித்து பர்ஸில் வைத்தாள். அடியில் நம்பர் தெளிவாக இருந்தது. பாய்க்குப் போன் செய்து படித்தேன். "எஞ்சின் மாத்தின வண்டிதான் அண்ணே, வாங்க" என்றார்.

அவளை மெஷினில் விட்டுவிட்டு, பாயிடம் சரியானதை வாங்கிக்கொண்டு பாலத்துக்குப் போனேன்; மத்தியானம் கோ ஸாவும் வந்தான். புதியது ஏழு சுற்று வழுக்கிக்கொண்டு ஏறியது. ஸ்டார்ட் செய்ததும் மூன்று பேரும், காவலரையும் சேர்த்து, காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். எஞ்சினில் தட்டல் இல்லை, உறுமல் இல்லை. நேரத்தோடு நிறுத்தியதால் பிழைத்தது என்றான். வெள்ளிக்கிழமை ஆறு இருபதுக்கே போய்ச் சேர்ந்துவிட்டோம்.

முத்தையா, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். செவ்வாயும் வெள்ளியும் உன் அக்காவை அந்த நாற்காலியில் நேரத்துக்கு உட்கார வைப்பேன். எண்ணெயைப் பார்த்து மாற்றுவேன், நம்பரைப் பார்த்து வாங்குவேன், தெரியாததைக் கேட்பேன்.

இன்னொன்று. இதை அவள் படிக்க மாட்டாள், அவளுக்குத் தமிழ் வாயில்தான் வரும், எழுத்தில் வராது; அதனால் உன்னிடம் சொல்கிறேன். பாலத்தில் வேலை முடிந்ததும் கோ ஸா ஒரு சின்ன டின்னைக் குலுக்கி, புது ஃபில்டரில் சிவப்புப் பெயிண்ட்டை இழுத்துவிட்டான். எதற்கு என்று கேட்டேன். "இறுக்கியாச்சுங்கிற அடையாளம் ஊலே. லூசானா கோடு விலகித் தெரியும். எல்லா வண்டிக்கும் போடுவேன். அந்தப் பழசுக்கும் நான்தான் போட்டேன், கோ முத்தையா ஸ்பானரையே தொட்டதில்லையே." அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா என்றேன். "துணியில சுத்தினீங்க. உங்க ஆளுங்க வழக்கம்னு நினைச்சேன்."

உன் அக்காவைக் கட்டியவன்,
உன் அத்தான்