இரண்டு தலைவர்கள், ஒரே உயரம்

1926 ஜூன் 6, ஞாயிறு. ரங்கூன்.

இன்று மாலை நாலே முக்காலுக்கு எங்கள் வாசகசாலைச் சங்கத்தின் நிர்வாக சபை, வரலாற்றில் நிற்கத்தக்க முடிவொன்றை எடுத்தது. முன்னாள் தலைவர்கள் இருவரின் படங்களும் தரையிலிருந்து ஒரே உயரத்தில், அதாவது ஐந்தடி ஆறங்குலத்தில், மாட்டப்படும். விவாதம் மூன்று மணி நேரம். இரண்டு பேர் வெளிநடப்புச் செய்தார்கள்; மழை பிடித்துக்கொண்டதால் திரும்பி வந்தார்கள்.

ஒவ்வொரு படத்தின் கீழும் அவரவர் ஆட்சியின் குணங்குற்றங்களை எழுதி வைக்க வேண்டுமாம். அந்தப் பொறுப்பு எனக்கு. நான் ஒருவரின் கட்சிக்காரன், மற்றவரின் மருமகன். இதைவிட நடுநிலையான ஆள் ரங்கூனில் கிடைக்கவில்லை.

ஜூன் 7.

வீட்டில் மனைவி கனகாம்பாளிடம் சொன்னேன். எட்டு மாத வயிற்றோடு அரிசி களைந்துகொண்டிருந்தாள். "அப்பா படத்துக்கும் நீங்கதான் எழுதுறீங்களா?"

1923 தலைவர் தேர்தலில் கை தூக்கி வாக்கெடுத்தார்கள். மாமா ராஜரத்தினம் ஒரு வாக்கில் தோற்றார். நான் முன் வரிசையில் இருந்தேன். என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த மாதமே வேலையில் மாற்றல் வாங்கிக்கொண்டு சிரியத்துக்குப் போய்விட்டார். ஆற்றைத் தாண்டினால் சிரியம். மூன்று வருடமாக அந்த ஆற்றை அவர் தாண்டவில்லை. கடிதங்களுக்குப் பதிலும் இல்லை. கனகத்துக்குத் தாய் கிடையாது. பேறுகாலத்தில் பக்கத்தில் இருக்க அவரை விட்டால் பர்மாவில் எவரும் இல்லை.

ஜூன் 10.

ஒப்பீட்டைத் தொடங்கினேன். மாமா, மௌனக் கட்சி: வாசகசாலைக்குள் வாய் திறக்கக் கூடாது; எழுத்தறியாதவர்களுக்கு ஞாயிறுதோறும் வகுப்பு. அவருக்குப் பின் வந்த மீரா முகைதீன், சத்தக் கட்சி: சென்னைக் கப்பலில் வரும் பத்திரிகையை ஒருவர் உரக்கப் படிப்பார், துறைமுகத் தொழிலாளிகள் உட்கார்ந்து கேட்பார்கள். முப்பது பேர் வந்த இடத்துக்கு இப்போது இருநூறு பேர் வருகிறார்கள். நான் அன்று அவருக்குக் கை தூக்கியது இதற்காகத்தான்.

கூட்டங்களில் அதிகம் கத்துவது மௌனக் கட்சி என்பதையும் உண்மைக்காகக் குறித்துவைக்கிறேன்.

ஜூன் 13, ஞாயிறு.

மீரா முகைதீன் அவர்களின் குடைக்கடைக்குப் போனேன். மழைக்காலத்தில் அவர் நிதானமாகப் பேசுவது அபூர்வம். இன்று பேசினார். தன் சாதனைகளை நான் சொல்லச் சொல்லத் தலையாட்டிக் கேட்டவர், முடிவில் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை வகுப்ப நிறுத்துனது நாந்தான் தம்பி. பத்திரிக படிக்க இடம் வேணும்னு நிறுத்துனேன். ஒங்க மாமா ரெண்டு வருசம் ஒத்தையாளா நடத்துனது. அதையும் எழுதிப்புடணும். மறைச்சீங்கன்னா என் படத்த நானே கழட்டிருவேன்."

வகுப்பு தானாக நின்றுபோயிற்று என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். யாரையாவது கேட்டேனா? இல்லை.

ஜூன் 16.

கப்பல்துறையில் மாரிச்சாமியைப் பார்த்தேன். மூட்டை சுமப்பவர், மாமாவின் வகுப்பில் படித்தவர். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து ஊரிலிருந்து வந்த கடிதத்தை உதடு அசையாமல் வாசித்துக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் மேஸ்திரி படித்துக் காட்டுவாராம்.

"எம்பொண்டாட்டி எழுதுனத தொறமுகமே கேட்டுச் சிரிக்கும் சாமி. இப்ப நான் மட்டுந்தான் கேக்குறேன்."

வீடு வரும்வரை வேறு எதையும் நினைக்க முடியவில்லை. இது தெரிந்திருந்தால் அன்று கையைக் கீழே வைத்திருப்பேனா? — மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. இருநூறு பேர் இருநூறு பேர்தானே. ஆனால் தூக்கிய பிறகு சிரியத்துக்கு ஒரு நடை போயிருப்பேன்.

ஜூன் 17.

கனகத்துக்குக் கால் வீங்கியிருக்கிறது. இன்னும் மூன்று வாரம் என்கிறாள் மருத்துவச்சி.

ஜூன் 19.

எழுதி முடித்தேன். மாமாவைப் பற்றி: "இவர் வகுப்பில் நாற்பது பேர் எழுதப் படிக்கக் கற்றனர். ஒரு வாக்கில் தோற்றார். அந்த வாக்கு இதை எழுதுபவனுடையது. அந்த நாற்பது பேரை அவன் அன்று நினைத்துப் பார்க்கவில்லை."

கனகம் இரண்டு முறை வாசித்தாள். ஆரம்பத்தில் இருந்த 'மாபெரும்' என்ற சொல்லை அடித்தாள். "இது இருந்தா அப்பா மேல படிக்க மாட்டார்."

பிழை திருத்தத்துக்கு என்று சொல்லி இருவருக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்பினேன். சங்க விதியில் அப்படி ஒன்றும் இல்லை.

ஜூன் 24.

சிரியத்திலிருந்து பிரதி திரும்பி வந்தது. 'நாற்பது' என்பதை அடித்து 'நாற்பத்தொன்று' என்று எழுதியிருக்கிறார். வேறு ஒரு எழுத்து இல்லை. மாமா மாமாதான்!

பதிவேட்டை எடுத்து எண்ணினேன். நாற்பது பெயர். மறுபடி எண்ணினேன். நாற்பதுதான். மனிதர் இந்த வயதிலும் பிடிவாதமாகத் தப்புப் போடுகிறார் என்று கனகத்திடம் சலித்துக்கொண்டேன். அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அது நாந்தாங்க."

பெண்கள் பெயரைப் பதிவேட்டில் சேர்க்கச் சபை ஒப்பவில்லையாம். கல்யாணத்துக்கு முன் மாமாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் சாக்கில் புத்தக அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து படித்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் படித்தவள் என்றே நான்கு வருடமாக நினைத்திருந்தேன். கேட்டதில்லை. நான் பெரிய வாசகன் — அப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள்.

பிற்பகல் அவளே உட்கார்ந்து சிரியத்துக்கு எழுதினாள். இதுவரை கடிதமெல்லாம் நான்தான் எழுதிப்போட்டேன். என்ன எழுதினாள் என்று நான் பார்க்கவில்லை.

ஜூன் 27, ஞாயிறு.

ஆண்டுவிழா. படங்கள் மாட்டப்பட்டன. வாசகங்களைப் படித்தபோது இரண்டு கட்சியும் என்னைத் துரோகி என்றன. சங்கம் தோன்றியதிலிருந்து முதல் ஒருமித்த கருத்து. மீரா முகைதீன் மட்டும் எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். மாமா வரவில்லை.

ஜூலை 1.

பதில் இல்லை. கனகம் வாசல் பக்கம் பார்ப்பதில்லை. பார்ப்பதில்லை என்று எனக்குக் காட்டுகிறாள்.

ஜூலை 8, வியாழன்.

பெண் குழந்தை. ஆறு ராத்தல். இருவரும் சுகம்.

மாமா போன ஞாயிறு காலையே லாஞ்சுப் படகில் ஆற்றைத் தாண்டி வந்துவிட்டார். ஒரு மாத லீவு. கட்டில் கனகத்துக்கு, பாய் மாமாவுக்கு. நான் மீரா முகைதீன் கடையில் படுத்துக்கொள்கிறேன்.