பல் பதிந்த கயிறு

இன்று காலை ஸ்பேனர் தேடி ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கினேன். கையில் வந்தது அந்தக் கயிற்றுத் துண்டு. நடுவில் என் பல்தடம் அப்படியே இருக்கிறது. மோந்தால் குதிரை வியர்வை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உன் குதிரைக் கொட்டகைக்குக் கிளம்பினேன்.

சர்க்கரைக்கு நடக்கச் சொன்ன டாக்டரை ஏமாற்றத்தானே நாற்பத்தெட்டு வயதில் உன்னிடம் குதிரையேற்றம் கற்க வந்தேன்! நடப்பது குதிரை, புண்ணியம் எனக்கு என்று நினைப்பு. என்னைவிட ஆறு மாதம் சின்னவன் நீ. ஆனால் சாலவாக்கம் ஏரிக்கரையில் உன் செவலைக் குதிரைக்குப் பக்கத்தில் நின்றால் என்னை ஒன்றாம் வகுப்புப் பிள்ளையாக்கிவிடுவாய். ஏறுமுன் கடிவாள வாரைத் தளரப் பிடித்துச் சும்மா நிற்க வேண்டும். "அவ தலைய எறக்கி மூச்சு வுடட்டும், அப்பால ஏறு. வுடலன்னா வூட்டுக்குப் போ." பாதி நாள் வீட்டுக்குத்தான் போனேன்.

ஒருநாள் டவுன் பஸ் ஜன்னலில் தெரிந்த முகங்களைப் பார்த்ததும் எனக்குள் ராஜா புகுந்துவிட்டார். வாரை வெடுக்கென்று இழுத்தேன். செவலை வாயைப் பிளந்தாள். நீ கத்தவில்லை. என்னை இறக்கி, இந்தக் கயிற்றைப் பல்லிடுக்கில் கொடுத்து, இரண்டு முனையையும் பின்னாலிருந்து ஒரே இழுப்பு.

"எப்டி கீது?"

"ங்ங்ங்..."

"அவளும் அத்தத்தான் சொன்னா."

சாயங்காலத்துக்குள் எனக்குப் பேயோட்டியதாக உத்திரமேரூர் வரை பேச்சு. என் மனைவி மறுக்கவில்லை.

நீ போய்ச் சேர்ந்து மூன்று மாதம். ஓட்ட ஆளில்லாத குதிரையைக் கல்யாண ஊர்வலக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிடப் போவதாக உன் அண்ணன் சொன்னார். அந்த ஊர்வலக்காரரின் கடிவாளத்தைப் பார்த்திருக்கிறேன். வாய்க்குள் போகும் இரும்பில் முள். "நான் ஓட்றேண்ணா" என்று உளறிவிட்டேன். "ஏறிக் காட்டு, வச்சிக்க" என்றார்.

இன்று அதைப் பார்க்கத்தான் அண்ணன் வந்து நின்றார். செவலை தலையை இறக்கவில்லை. அரைமணி ஆயிற்று.

"யோவ், இன்னா, சாமி கும்புட்டுக்கினு கீறியா? ஒரு இழுப்பு இழுத்து ஏறுய்யா!" போனில் ஊர்வலக்காரரின் நம்பரைத் தேட ஆரம்பித்தார்.

இழுத்திருந்தால் ஏறியிருக்கலாம். பல் கூசியது. நின்றேன். கால் மரத்து, நம்பிக்கை போய், நான்தான் முதலில் பெருமூச்சு விட்டேன். கொஞ்சம் பொறுத்து அவளும் விட்டாள். தலை என் முழங்கால்வரை இறங்கியது.

ஏறினேன். அண்ணன் போனைப் பையில் போட்டார். "என் தம்பிக்குன்னு வந்து வாச்சான் பாரு, பேஜாரு புடிச்ச ஆளு. நீயே வச்சிக்க" என்று சொல்லிப் போய்விட்டார்.

அதன்பின் நாங்கள் இருவர்தான். பனைமரத்தடிக்கு வந்ததும் நான் ஒன்றும் செய்யாமலே செவலை நின்றாள். நீ நின்று என்னைத் திட்டும் இடம். முதுகை நிமிர்த்தி, கையைத் தளர்த்தி, நானும் காத்திருந்தேன். அவள் காது பனைமரத்துப் பக்கமே திரும்பியிருந்தது.

வெகுநேரம் கழித்து இறங்கி, வாரைத் தளரப் பிடித்து, கொட்டகை வரை அவளோடு நடந்தே வந்தேன்.

டாக்டர் சொன்ன நடை, இன்றுதான் ஆரம்பம்.