பாலத்துக்கு ராசி இல்லை என்றீர்களே

என் ‘என்னங்க’வுக்கு,

இருபத்திரண்டு வருஷமும் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். இப்போது பேர் சொல்லித் திட்டினால் என்ன என்று தோன்றுகிறது. அன்பு குறையவில்லை, கோபம்தான் கூடிவிட்டது.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன். நீங்கள் போனதிலிருந்து எட்டு மாதமாக ஷெட்டில் கிடந்த நம் மாருதியில்தான். ஒத்தக்கடைப் பக்கம் காலி ரோட்டில் இரண்டு வாரம் நன்றாகவே ஓட்டினேன். போன திங்கட்கிழமை டிரைவிங் மாஸ்டர் என்னை ரயில்வே மேம்பாலத்துக்குப் போகச் சொன்னார்.

“அந்தப் பாலம் எங்க வீட்டுக்கு ராசியில்ல மாஸ்டர். ரயில்வே கேட்டு வழியாப் போவோம்” என்றேன். நீங்கள் சொல்லிவைத்ததுதானே.

மனிதர் வண்டியை ஓரங்கட்ட வைத்தார். அப்புறம் சொன்னார்.

“ராசியெல்லாம் இல்லம்மா. கார் வாங்குன மறுநாள் சார் தனியா வாரப்ப, பாலத்து ஏத்தத்துல வண்டி நின்னுபோச்சு. திருப்பி எடுக்கத் தெரியல. பின்னாடியே உருண்டு மினி பஸ்ல இடிச்சிருச்சு. பஸ்ல இருந்தவுக அம்புட்டுப் பேரும் எறங்கி நின்னு சிரிச்சிருக்காக. எங்கிட்ட ரெண்டு நாள் கத்துக்க வந்தாரு, பெறகு வரல. வீட்டுல சொல்லிராதீக அண்ணேன்னாரு.”

எனக்கு அந்த நாள் நினைவிருக்கிறது. பின்பக்கம் நசுங்கி வந்த வண்டிக்கு உங்கள் அம்மா திருஷ்டி சுற்றிப் போட்டார்கள். நானும் நம்பி, சொந்தபந்தம் பூராவும் சொல்லி வைத்தேன். உங்கள் தம்பி குடும்பம் இன்றைக்கும் அந்தப் பாலத்தில் ஏறுவதில்லை.

நெஞ்சு வலித்த அந்த மத்தியானம் நான் பக்கத்து சீட்டில் இருந்தேன். பாலம் ஏறி இறங்கினால் ஆஸ்பத்திரி. “பாலத்துல போங்க” என்றேன். “வாய மூடிட்டு வா, அது ராசியில்லாத பாலம்” என்றீர்கள். வேர்த்துக் கொட்டக் கொட்ட வண்டியை கேட் பக்கம் திருப்பினீர்கள். கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. அது போய் முடிவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

எட்டு மாதமாக அந்த கேட் கீப்பரைத் திட்டிக்கொண்டிருந்தேன். பாவம் அந்த ஆள்.

‘எனக்கு ஏற்றத்தில் வண்டி எடுக்க வராது’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? நான் ஒருநாள் சிரித்திருப்பேன், அவ்வளவுதானே. எனக்கும் ஓட்டச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டபோதெல்லாம் “ஒனக்கெதுக்கு” என்று அடக்கினீர்களே, நான் பாலத்தில் ஏறிவிடுவேன் என்ற பயமா?

மாஸ்டர் சொன்ன அன்றைக்கே பாலத்தில் ஏறினேன். நடு ஏற்றத்தில் நிறுத்தினேன். இரண்டு தடவை இன்ஜின் ஆஃப். மூன்றாவது தடவை பின்னால் உருண்டேன். லாரிக்காரர் ஹாரன் அடித்தார். பைக்கில் போன ஒருவன், “அக்கா, வீட்டுக்குப் போங்க” என்று சிரித்தான்.

“அவன் கெடக்கான். ஹேண்ட் பிரேக்கப் போடுங்க. கிளட்ச்ச மெதுவா விடுங்க. வண்டி லேசா அதிரும், முன்பக்கம் தூக்கும். அங்கனயே கால நிறுத்துங்க. கொஞ்சம் ஆக்சிலேட்டர் குடுத்துட்டு பிரேக்க எடுங்க” என்றார் மாஸ்டர்.

வண்டி ஏறியது. இதற்காகவா சுற்றிப் போனீர்கள்? பாலத்து உச்சியிலிருந்து ஆஸ்பத்திரி போர்டு எழுத்து எழுத்தாகத் தெரிகிறது. ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். அது துக்கம் இல்லை, ஆத்திரம்.

உங்கள் வருஷத் திதிக்கு உங்கள் தம்பி குடும்பத்தை இந்தக் காரில் ஏற்றிக்கொண்டு பாலத்து வழியாகத்தான் வருவேன். நடு ஏற்றத்தில் நிறுத்தி, ராசிக் கதை முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன். நம் மகளுக்கு லைசென்ஸ் வயது வந்ததும் அங்கேதான் கூட்டிப்போவேன். உருண்டால் உருளட்டும், ஊரே நின்று சிரிக்கட்டும்.

சிரிச்சா யாரும் சாவதில்லைங்க.

இன்னும் கோபம் ஆறாத,
உங்கள் வீட்டுக்காரி