நடுக் கதிரை

மச்சான்,

பூமியில் ஒருவரும் நம்பாத கதையொன்றைச் சொல்லப் போகிறேன் என்று, கையில் கற்பூரம் ஏற்றாத குறையாகச் சத்தியம் செய்கிறேன். நீயும் நம்பமாட்டாய். நீ உயிரோடு இருந்த காலத்திலேயே நான் சொன்னதில் பாதியைத்தான் நம்பினாய். அதுவும் தவறான பாதி.

இன்று காலை உன் மனைவி வந்தாள். கையில், உன் பழைய சாரத்தில் சுற்றிய பொட்டலம்.

"அண்ணே, இத ஒங்ககிட்ட குடுக்கச் சொல்லிட்டுத்தான் போனாரு."

பிரித்ததும் உன் தலை எண்ணெய் வாசனை. உள்ளே, சவர்க்காரக் கட்டி அளவில் அந்தக் கறுப்புப் பெட்டி.

லெப்டொப்பில் வெறும் எண்களாகக் கிடக்கும் பாட்டை ஒலியாக்கி அம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் பெட்டி. நீ அதை வாங்கும்வரை நாமிருவரும் சமம். கண்டி மஹய்யாவவில் எதிரெதிர் வீடு, ஒரே மாதிரி அம்ப்ளிஃபயர், ஒரே மாதிரி ஸ்பீக்கர், ஒரே மாதிரி இரைச்சல். பிறகு நீ கொழும்புக்குப் போய்த் துரோகம் செய்துவிட்டு வந்தாய்.

அன்று நீ போட்ட நாதஸ்வரத்துக்குக் கண்டி வாவி கரையேறி வந்து கேட்டது. காட்டுக் குரங்குகள் கூரையில் வரிசையாக அமர்ந்து தாளம் போட்டன. கம்பளையில் புறப்பட வேண்டிய ரயில், பாட்டு முடியட்டும் என்று நின்றது. நாதஸ்வரக்காரர் மூச்சிழுப்பது என் இடது தோளருகே. தவில் வலது முழங்காலுக்குப் பக்கத்தில். உன் நடுக் கதிரையில் உட்கார்ந்திருந்த நான், வயிற்றில் அடுப்பு எரிய, "பரவால்ல" என்றேன்.

"பரவால்லயா? ஒன் வீட்ல அந்த மனுசன் வாசிக்கிறது இல்ல மச்சான், இருமுறாரு!"

அதற்குப் பிறகு எனக்கு ஏது சோறு, ஏது தூக்கம்? வயரை மாற்றினேன். அம்ப்ளிஃபயரை அம்மிக்கல்மேல் ஏற்றினேன். "நீங்க பாட்டு கேக்குறீங்களா, வயர் கேக்குறீங்களா?" என்றாள் என் மனைவி. என் நாதஸ்வரம் மட்டும் ஷோகேஸுக்குள் பூட்டி வைத்ததுபோலவே ஒலித்தது.

நீயோ நான் வரும்போதெல்லாம், "நடுவுல உக்காரு" என்பாய். தேநீரோடு குசினி நிலைப்படியில் சாய்ந்துகொள்வாய். வந்தவனுக்கு நல்ல கதிரை, வீட்டுக்காரனுக்கு நிலைப்படி. நம் வீடுகளில் அதை யார் கேட்கிறார்கள்? நானும் கேட்கவில்லை.

இன்று பெட்டியை என் வீட்டில் மாட்டினேன். நீல வெளிச்சம் கண்ணைத் திறந்தது. இரைச்சல் போயிற்று. ஆனால் நாதஸ்வரம் ஷோகேஸை விட்டு வெளியே வரவில்லை. செத்தும் என்னை ஏமாற்றுகிறாய் என்று, பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு உன் வீட்டுக்கே வந்தேன்.

எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. மாட்டிவிட்டு நடுக் கதிரையில் உட்கார்ந்தேன். அதோ, தோளருகே மூச்சு! முழங்காலருகே தவில்!

"அண்ணே, தேத்தண்ணி" என்றாள் உன் மனைவி. வாங்கிக்கொள்ள நிலைப்படிக்குப் போனேன். மூச்சைக் காணோம். தவிலும் நாதஸ்வரமும் ஒரே மூலையில் குவிந்து கிடந்தன. என் வீடேதான்! என் வீட்டில் நான் சுவரோரம்தானே உட்காருகிறேன்.

"என்ன தங்கச்சி, இங்கருந்து ஒண்ணும் சரியா கேக்கலயே?"

"அவருக்கும் தெரியும்ண்ணே. உள்ள போய் ஒக்காருங்கன்னு நான் சொல்லாத நாளில்ல. 'அவன் வயிறு எரியிறது இங்கருந்துதான்டி நல்லாத் தெரியும், அதுதான் எனக்குப் பாட்டு'ம்பாரு."

படுபாவி! இத்தனை வருடம் பாட்டு கேட்டவன் நான். என்னைக் கேட்டவன் நீ.

மாலையில் பெட்டியைத் திரும்பவும் என் வீட்டில் மாட்டினேன். கதிரையைச் சுவரோரத்திலிருந்து நடுவுக்கு இழுத்து, என் மனைவியை உட்காரவைத்தேன். நான் குசினி நிலைப்படியில் சாய்ந்தேன். "அட, பக்கத்துல நின்னு ஊதுறாப்ல இருக்கே!" என்று அவள் தோள்பக்கம் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்தபடி நின்றேன். அவள்மேல் பொறாமையாக இருந்தது. உன்மேல் அதைவிட. பெட்டியை விட்டுவிட்டுப் போனாய். எத்தனையோ மாலைகள் நீ இதே மாதிரி நின்று பார்த்த என் முகத்தை மட்டும் கையோடு கொண்டுபோய்விட்டாயே.

வாவியை விடு, குரங்குகளை விடு, அந்த ரயிலையும் அனுப்பிவிடு. நிலைப்படியில் பாட்டு சரியாகக் கேட்காது. அது மட்டும் உண்மை, மச்சான்.