பென்சிலில் ஒரு வாசல்

மார்ச் 3, திங்கள்

காலண்டருக்கு நான் வரைந்த பன்னிரண்டு படங்களில் ஒன்பது திரும்பி வந்துவிட்டன. காணாமல் போனவர்களைத் தேடும் எங்கள் அமைப்பின் இயக்குநருக்கு அலுவலகத்தில் 'சிரிப்பு மேடம்' என்று பெயர்; எப்போதும் சிரித்த முகம், படத்திலும் அதையே கேட்பார். "காணாமப் போனவங்க குடும்பங்களுக்குப் போடுற காலண்டர்மா. பார்த்தா நம்பிக்கை வரணும். நீ வரையறவங்க எல்லாருக்கும் பல்வலி வந்த மாதிரி இருக்கு" என்கிறார்.

நம்பிக்கையை எந்தக் கடையில் வாங்குவது? காலையில், காவலிலிருந்து விடுபட்ட ஒருவர் எதிரே உட்கார்ந்து, உள்ளே யாரைப் பார்த்தேன் என்று சொல்லச் சொல்ல, பென்சிலில் சாட்சிப் படம் வரைகிறேன். மதியம் அதே மேசையில், அதே கையால் சூரியகாந்தி. முடியவில்லை.

மார்ச் 5

சூரியகாந்தியும் திரும்பி வந்தது. அதற்கும் பல்வலியாம்.

மார்ச் 11, செவ்வாய்

பெரிய தப்பு செய்துவிட்டேன்.

ஓர் ஆள் பையோடு வந்து வீட்டுக் கதவைத் தட்டுகிறார். காலண்டருக்கான படம் அவ்வளவுதான். வண்ணம் தீட்டுமுன் பென்சிலில் போட்டு, மேசையிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால், தையல்காரம்மா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவர் கணவரை மூன்று வருஷத்துக்கு முன் விசாரணைக்கு என்று கூட்டிப் போனார்கள். செவ்வாய்தோறும் வந்து, ஏதாவது தெரிந்ததா என்று கேட்பார். அந்தக் கணவரின் புகைப்படம் என் எதிர் அலமாரியில் இருக்கிறது. தினமும் பார்த்துப் பார்த்து, எனக்கே தெரியாமல் அந்த முகம் கையில் வந்திருக்கிறது.

"யாரும்மா பார்த்தாங்க? எங்க பார்த்தாங்க?"

எங்கள் அலுவலகத்தில் பென்சில் படம் என்றால் யாரோ கண்ணால் பார்த்தது. அது அவருக்கும் தெரியும்.

"யாரும் பார்க்கலக்கா. நானா வரைஞ்சது."

காகிதத்தை மேசையில் வைத்து, மடங்கிய முனையை நீவிவிட்டுப் போய்விட்டார். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

மார்ச் 12

என் அக்காவிடம் சொன்னேன். "வேணும்னா செஞ்ச? போய் மன்னிப்புக் கேளு" என்கிறாள். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது? மூணு வருஷமா ஒருத்தங்க மூச்சப் பிடிச்சுக்கிட்டு இருக்காங்க, நான் போய் — என்ன ஜென்மம் நான்?

ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

தையல்காரம்மா வரவில்லை. மூன்று வருஷத்தில் அவர் வராத முதல் செவ்வாய். சிரிப்பு மேடம் சிரிக்காமல் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடிதத்தை நீட்டினேன். "அவங்க வரட்டும். அப்புறம் வாங்கிக்கிறேன்" என்றார்.

வராமலே போய்விட்டால்?

மார்ச் 25, செவ்வாய்

வந்தார். அந்தப் படத்தைக் கேட்டார். கிழிக்க நினைத்துக் கிழிக்க முடியாமல் இழுப்பறை அடியில் போட்டிருந்தேன். எடுத்துக் கொடுத்து, "மன்னிச்சிடுங்கக்கா" என்று ஆரம்பித்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தையலில் பிசிறு தேடுவது போல் படத்தைப் பார்த்தார்.

"முடி இவ்வளவு கறுப்பா இருக்காதும்மா. மூணு வருஷம் ஆச்சே."

நரை போட்டேன்.

"கன்னம் ஒட்டியிருக்கும்."

அழித்து அழித்துக் காகிதம் மெலிந்துவிட்டது. கடைசியில், தட்டுவதற்காகத் தூக்கிய கையின் மேல் விரலை வைத்தார்.

"தட்ட மாட்டார். சாவி அவர்கிட்டதான் இருக்கு. நான் இன்னும் பூட்ட மாத்தல."

கையைக் கீழே இறக்கி, விரல்களுக்கு நடுவில் சாவியை வரைந்தேன். சிரிப்பு மேடம் எப்போது பின்னால் வந்து நின்றார் என்று தெரியவில்லை. படத்தில் யாரும் சிரிக்கவில்லை. மேடம் என் கடிதத்தைக் கேட்கவில்லை; காலண்டருக்கு என்று வாங்கிய அந்தப் படத்தையும் திருப்பித் தரவில்லை.