கார்டின் பின்பக்கம்

கொல்கத்தாவின் கரியாஹாட் கடைத்தெருவுக்குக் கிளம்பிய வைதேகி, செருப்பைப் போட்டபடியே, ஃப்ரிட்ஜ் கதவில் தாளை வைத்துக் கணவன் ஜெய்ராமுக்கு எழுதினாள்:

"ரசமும் அவரைக்காய்க் கறியும் மேடைல இருக்கு. சூடு பண்ணிக்கோங்கோ.

உங்க புது கிரெடிட் கார்டு கூரியர்ல வந்தது. பின்னாடி இருக்கற மூணு எண்ணைப் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லப்படாதுன்னு, பழைய கார்டுல அதுமேல பேப்பர் ஒட்டி வெச்சிருந்தேள். பாதுகாப்புன்னு நானும் நம்பினேன். நேத்திக்கு உங்க ஆபீஸ் மௌஷுமி பூஜை லீவுக்கு உங்க கார்டுல டிக்கெட் போடறச்சே, உங்களைக் கேக்காமலே அந்த மூணு எண்ணையும் போன் ஸ்பீக்கர்ல ஒப்பிச்சாளே! 'சரிதானே அண்ணா'ங்கற மாதிரி பெங்காலில 'டீக் ஆச்சே, ஜெய்ராம்தா?'ன்னு சிரிப்பு வேற. நம்ம கல்யாண நாளை நீங்க ஒரு வருஷமாவது அப்படி ஒப்பிச்சிருக்கேளா?"

கதவைப் பூட்டப் போனவள் மனசு கேட்காமல் திரும்பி வந்தாள். நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை உரித்துப் புதுக் கார்டின் பின்பக்கம் அழுத்தி ஒட்டினாள். சீட்டில் இடமில்லை. ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

"புதுக் கார்டுல அந்த மூணு எண் மேல இப்போ என் பொட்டு இருக்கு. மௌஷுமிக்கு எண் வேணும்னா, நம்மாத்துக்கு வந்து, என் கண் முன்னாடி அதைப் பிய்ச்சுப் பார்த்துக்கச் சொல்லுங்கோ."